கடக்க மறுத்த படை

பத்து வயதில் நான் ஒரு தளபதியாக இருந்தேன். அதற்குப் பிறகு எந்தத் துறையிலும் எனக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. என் பேச்சை இப்போது வீட்டுப் பூனைகூடக் கேட்பதில்லை. ஒரு காலத்தில் என் கட்டளைக்காக ஒரு படையே ஆற்றங்கரையில் அணிவகுத்து நின்றது என்று சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆனால் நின்றது உண்மை. நின்றதோடு சரி என்பதும் உண்மை.

அப்போது நாங்கள் ஓக்லாந்தில், நியூ லின் ரயில் நிலையத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில், ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ரயில் பாதையைப் பள்ளத்தில் இறக்கி நிலையத்தைப் புதிதாகக் கட்டி முடித்திருந்த காலம் அது. அப்பா பென்ரோஸில் ஒரு பெரிய பண்டகசாலையில் மேற்பார்வையாளர். அம்மா கடைத்தொகுதியில் ஒரு துணிக்கடையில் வேலை. அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, பஸ் ஓட்டினார். வெஸ்ட்கேட் பக்கம் புதிதாக எழும்பிய வீடுகளில் ஒன்றை வாங்கி, மோட்கேஜ் கடன் கட்டுவதை ஒரு விரதம்போலக் கடைப்பிடித்துவந்தார்.

அப்பாவுக்கும் மாமாவுக்கும் கதைபேச்சில்லை.

இதை ஏதோ வெட்டுக்குத்துப் பகை என்று நினைத்துவிடக் கூடாது. மாமா ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டுக்கு வருவார். அப்பா கதவைத் திறந்துவிடுவார். மாமா உட்கார்ந்ததும் அப்பா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவார். எல்லாம் முறைப்படி நடக்கும். ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள், அவ்வளவுதான். கைக்கெட்டும் தூரத்தில் மாமா இருக்க, அப்பா என்னைப் பார்த்து, "உன்ர மாமாவிட்டக் கேள், சீனி போடுறதோ எண்டு" என்பார். மாமா என்னைப் பார்த்து, ஒரு கரண்டி என்று சொல்லச் சொல்லுவார். நான் திரும்பி அப்பாவிடம் ஆங்கிலத்தில் அறிவிப்பேன். அப்பா அந்த ஒரு கரண்டியை எப்போதோ போட்டுக் கலக்கியிருப்பார். நான் அறிந்த நாளிலிருந்து மாமாவுக்கு ஒரு கரண்டிதான். ஆனாலும் கேள்வி கேட்கப்பட்டாக வேண்டும், பதில் சொல்லப்பட்டாக வேண்டும், இரண்டும் என் வழியாகப் போயாக வேண்டும்.

சில வீடுகளில் பாத்திரம் கழுவும் இயந்திரம் இருப்பதுபோல எங்கள் வீட்டில் இப்படி ஓர் ஏற்பாடு என்று நினைத்திருந்தேன். ஒருமுறை அம்மாவிடம் காரணம் கேட்டேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டே, மாமா தங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. எங்கள் ஆட்களின் கல்யாண வீடியோக்களை நான் மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். யார் தாலி கட்டினார்கள் என்பது அவற்றில் ஓர் ஓரமாகத்தான் வரும். யார் வந்தார்கள், வந்து என்ன சாப்பிட்டார்கள் என்பதுதான் விஷயமே. அப்படியான ஒன்றுக்கு வராமல் விடுவது எத்தனை வருஷத் தண்டனைக்குரிய குற்றம் என்று எனக்குத் தெரியாது. ஏதோ பெரிய எண்ணாகத்தான் இருக்கும்.

அந்த வருஷம் எங்கள் வகுப்புக்குக் கனடாவிலிருந்து ஒரு ரீச்சர் வந்தார். உயரமான, சத்தமாகச் சிரிக்கிற பெண். நயாகரா ஆற்றங்கரையில் பிறந்தவர். அருவி இருக்கும் இடத்திலிருந்து சற்றுக் கீழே என்று அவர் சொல்லும்போது, உலகம் முழுவதும் அந்த அருவியைத் தப்பாகப் பெரிதுபடுத்துகிறது என்ற தொனி இருக்கும். அவரைப் பொறுத்தவரை நயாகராவில் பார்க்கவேண்டியது தண்ணீர் விழுகிற இடத்தை அல்ல, 1812இல் சண்டை நடந்த இடத்தை. ஊர் நினைவு வந்தால் சிலர் அழுவார்கள், சிலர் சமைப்பார்கள். எங்கள் ரீச்சர் போர் நடத்துவார்.

எங்களுக்கு அவர் சொன்ன கதை இதுதான். ஆற்றின் ஒரு கரை அமெரிக்கா, மறு கரை பிரிட்டிஷ்காரர் ஆண்ட கனடா. இரண்டு பக்கமும் சம்பளச் சிப்பாய்கள் கொஞ்சம்பேர். மிச்சமெல்லாம் ஊர்க்காவல் படை: தோட்டக்காரர், மில் வைத்திருந்தவர், வண்டிக்காரர். கனடாப் பக்கத்து ஊர்க்காவல்காரரில் பாதிக்குமேல் மலிவுக்காணி கிடைக்கிறதென்று சில வருஷம் முன்புதான் அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியவர்கள். யார் எந்தப் பக்கம் என்று அவர்களுக்கே காலையில் எழும்பி யோசிக்கவேண்டிய நிலை. அக்காவைக் கட்டிக்கொடுத்தது அக்கரையில், மாவரைக்கப் போவது அக்கரைக்கு, சுடவேண்டியதும் அக்கரையை.

ஓர் ஒக்டோபர் விடியற்காலையில் அமெரிக்கப் படை வள்ளங்களில் ஆற்றைக் கடந்து மேட்டைப் பிடித்தது. பிரிட்டிஷ் தளபதி அதைத் திரும்பப் பிடிக்க ஓடி ஏறும்போதே சுடப்பட்டு இறந்தார். அமெரிக்கர் வென்றதுபோலத்தான். இனிக் கரையில் நிற்கிற ஊர்க்காவல் படை கடந்து வந்தால் எல்லாம் முடிந்தது. அவர்கள் வரவில்லை. எங்கள் மாகாணத்தைக் காப்பதற்குத்தான் எங்களைச் சேர்த்தீர்கள், அடுத்த நாட்டுக்குள் போகச் சட்டத்தில் இல்லை என்றார்கள். ஜெனரல் கெஞ்சினார், திட்டினார். அவர்கள் கரையிலேயே நின்றார்கள். அக்கரையில் ஏறியவர்கள் தனித்துப்போய்ப் பிடிபட்டார்கள். மறு வருஷம் இன்னொரு கூத்து: அந்தச் சண்டையில் பிரிட்டிஷ் பக்கம் நின்ற ஒருவரே ஆட்களைச் சேர்த்துக்கொண்டு அமெரிக்கப் பக்கம் போய்விட்டார்.

இதைப் பற்றி எங்களை ஒரு பக்கம் எழுதச் சொன்னார். கரையில் நின்றவர்கள் கோழைகள் என்று நான் எழுதினேன். ஒரு பக்கத்துக்குள் அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் எத்தனை விதமாகச் சொல்லலாமோ அத்தனை விதமாகவும் சொல்லியிருந்தேன். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பிள்ளையின் ஆங்கிலத்தைப் பார்த்துப் பெருமைப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேலைச் சப்பாத்தின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்துவிட்டு, "கோழை எண்டு எழுதாத, பிள்ளை" என்றார். வேறென்ன எழுதுவது என்று கேட்டேன். "கடக்கேல்ல எண்டு எழுது. அவ்வளவும் காணும்."

அப்பாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, பாவம் என்று நினைத்துக்கொண்டு அப்படியே கொடுத்துவிட்டேன்.

வருஷக் கடைசியில் பள்ளிக்கூடக் குடும்பநாள் வந்தது. வைட்டாக்கரே மலையடிவாரத்தில் ஒரு பூங்கா, அதன் நடுவே முழங்கால்வரை தண்ணீர் ஓடும் ஒரு சிற்றாறு. சிற்றாறு கிடைத்ததும் ரீச்சருக்கு நயாகரா கிடைத்துவிட்டது. மற்ற வகுப்புகள் சாக்கோட்டமும் கயிறிழுப்பும் வைக்க, எங்கள் வகுப்பு 1812ஐ நடத்துவதென்று தீர்மானமாயிற்று. பிள்ளைகள் சம்பளச் சிப்பாய்கள், பெற்றோர் ஊர்க்காவல் படை. ஆயுதம், தண்ணீரில் ஊறிய பாத்திரம் கழுவும் பஞ்சு. பட்டவர் கீழே உட்கார்ந்துவிட வேண்டும். அக்கரை மேட்டில் நட்டிருக்கும் கொடியைப் பிடித்தால் அமெரிக்கருக்கு வெற்றி. பிரிட்டிஷாரோடு நின்று அந்தச் சண்டையைத் திருப்பிய மோஹாக் பழங்குடி வீரர்களாக மட்டும் யாரும் வேஷம் போடக்கூடாது, அவர்களைப் பற்றி மரியாதையாக ஒரு பந்தி வாசிக்கலாம் என்று ரீச்சர் சொல்லிவிட்டார். அமெரிக்கத் தளபதி நான். தகுதி, வகுப்பிலேயே சத்தமான தொண்டை. அக்கரைத் தளபதி ஒரு செம்பட்டை முடிப் பையன். அவனுக்கும் அதே தகுதிதான்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பெரியவர்கள் வரவேண்டும். அம்மா வருவதாகத்தான் இருந்தது. முதல்நாள் இரவுச் சாப்பாட்டில், சனிக்கிழமை கடையில் ஆளில்லை, தன்னைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்றாள். எனக்கு ஆள் குறையுமே என்று அழுதபோது, அதற்கு ஆள் வரும், நீ பயப்படாதே என்றாள். யாரென்று சொல்லவில்லை. அம்மா எதையாவது சொல்லாமல் விட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்பதை நான் கண்டுபிடிக்க இன்னும் பல வருஷங்கள் ஆயின. கடையில் ஆளில்லாமல் போனது உண்மைதானா என்பது இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

பூங்காவில் நாங்கள் இறங்கும்போது மாமாவின் கார் வந்து பக்கத்தில் நின்றது. அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா அப்பாவைப் பார்த்தார். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது செய்தி இருந்தால் கொண்டுபோகலாம் என்று நானும் தயாராக நின்றேன். ஒன்றும் வரவில்லை.

ரீச்சர் சிவப்பு, நீல ரிபன்களோடு வந்தார். குடும்பங்களைப் பிரித்துத்தான் போடுவேன், அங்கே அப்படித்தான் இருந்தது என்று அறிவித்தார். அப்பாவின் கையில் நீலத்தைக் கட்டினார். மாமாவின் கையில் சிவப்பைக் கட்டி, பாலத்தால் சுற்றி அக்கரைக்குப் போகச் சொன்னார். ஏற்கெனவே பிரிந்திருந்த ஒரு குடும்பத்தைச் சிரமப்பட்டுப் பிரிக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. மாமா பஸ் ஓட்டுநருக்கே உரிய நடையில், அவசரமேயில்லாமல் பாலத்தைக் கடந்து போனார்.

விசில் ஊதியதும் நான் என் சிப்பாய்களோடு தண்ணீரில் குதித்தேன். அதன் குளிர் இன்றும் என் முழங்காலில் இருக்கிறது; வைத்தியர் அதற்கு வேறு பெயர் சொல்கிறார். பஞ்சுகள் பறந்தன. மேட்டின் பாதிவரை ஏறிவிட்டோம். அக்கரைச் சிப்பாய்கள் அநேகமாக எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். செம்பட்டை முடியும் இன்னும் சிலரும் கொடியைச் சுற்றி நின்றார்கள். எங்கள் பக்கத்திலும் கொஞ்சப்பேர்தான் மிச்சம். இனி ஊர்க்காவல் படை வந்தால் கொடி எங்கள் கையில். நான் திரும்பிக் கரையைப் பார்த்தேன்.

என் படை அங்கேயே நின்றது. சிலர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மலேசியாவிலிருந்து வந்த ஓர் ஆன்ட்டி மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, கிழங்குக்கறி வைத்துப் பொரித்த கறிபப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். நான் ஓடிவந்து கையை ஆட்டிக் கூப்பிட்டதும், "நான் வரல லா, மா. கறிபப் ஆறிடும். நீங்க சண்ட முடிச்சிட்டு வாங்க, சூடா இருக்கு" என்றார். சமோவாத் தீவுக்கார அப்பா ஒருவர் தன் மனைவியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். கடக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று ரீச்சர் தொடக்கத்திலேயே விதி சொல்லியிருந்தார். அந்த உரிமையை ஒருவர்கூட வீணாக்கவில்லை.

ஆனால் எனக்கு அப்பா இருந்தார். பிள்ளை கேட்டு அப்பா வராமல் விடுவாரா? நான் கூப்பிட்டதுமே அவர் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றத் தொடங்கிவிட்டார். காற்சட்டையை முழங்கால்வரை மடித்தார். சப்பாத்துகளை வலது கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தண்ணீரோரம் வந்தார். ஒரு காலைத் தூக்கினார். பிறகு அந்தக் காலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

வாங்கோ என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஆங்கிலத்தில் கட்டளையிட்டேன். அவர் மெதுவாக, "நான் கடக்கேல்ல, பிள்ளை" என்றார். எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் செம்பட்டை முடி என் ஆட்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துக்கொண்டிருந்தான். வெற்றி கண்ணுக்கு முன்னால் நனைந்துகொண்டிருந்தது. நான் பொதுவாகத் தமிழ் பேசுகிற பிள்ளை இல்லை. தமிழ்ப் பாடசாலையில் என்னை வாய் திறக்கவைக்க அவர்கள் பட்ட பாடு தனிக்கதை. ஆனால் அன்று, ஒருவரும் சொல்லித்தராமல், வெகு சுத்தமான உச்சரிப்பில், ஆற்றின் நடுவில் நின்று அப்பாவைப் பார்த்துக் கத்தினேன்.

"கோழை."

அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. என் உச்சரிப்பைப் பார்த்துச் சற்று வியந்ததுபோலக்கூட இருந்தது.

அக்கரையில் மாமா பஞ்சை ஓங்கியபடி நின்றிருந்தார். அந்தச் சொல் கேட்டுத்தான் திரும்பியிருக்க வேண்டும். மேட்டில் நின்றவர் இறங்கித் தண்ணீரோரம் வந்தார். நடுவில் நின்ற என்னை அவர் பார்க்கவேயில்லை. அப்பாவையும், அப்பாவின் கையில் இருந்ததையும் பார்த்துக்கொண்டே நின்றார். பஞ்சிலிருந்து தண்ணீர் அவர் சட்டைக் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு பேசினார். என்னிடம் அல்ல.

"அண்டைக்கும் இப்பிடித்தான் கரையில நிண்டனீர்."

மாமா அப்பாவோடு நேரே பேசி என் ஆயுளில் நான் கேட்ட முதல் வசனம் அது.

"ஓம்" என்றார் அப்பா.

"கையில துவக்கோட."

அப்பா சப்பாத்துப் பிடித்திருந்த கையைக் கொஞ்சம் உயர்த்தினார். "துவக்கில்ல. செருப்பு. தண்ணிக்க இறங்கவெண்டு கழட்டினனான். பிறகு இறங்கேல்ல."

"நான் அக்கரையில பனை வடலிக்குள்ள கிடந்து பாத்தனான். ஒருத்தரும் தப்பிப் போகாமக் காவலுக்கு உம்மை விட்டிருக்கிறாங்கள் எண்டுதான்..."

"வரமாட்டன் எண்டு சொன்னனான். துவக்கைப் பறிச்சிட்டு, இஞ்சயே நில்லெண்டு விட்டிட்டுப் போட்டாங்கள்."

மாமா நனைந்த சட்டைக் கையை உதறினார். "ஏன் ஐசே, இதை ஒருநாளும் சொல்லேல்ல?"

"நீர் கேக்கேல்லயே."

கேட்பதற்குக் கதைக்க வேண்டும். கதைப்பதற்கு இருந்த ஒரே வழி நான். இப்படியொரு கேள்வியைச் சீனியோடு சேர்த்துப் பிள்ளையிடம் யாரும் கொடுத்துவிடமாட்டார்கள் என்பது இப்போது புரிகிறது. அப்போது எனக்குப் புரிந்ததெல்லாம், போரின் முக்கியமான கட்டத்தில் இரண்டு பெரியவர்கள் காலணியைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்பதுதான்.

மாமா பஞ்சைக் கீழே வைத்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை, காற்சட்டையை மடிக்கவில்லை. அப்படியே தண்ணீரில் இறங்கி, என்னைத் தாண்டி, இக்கரைக்கு வந்து ஏறினார். கைதி, கைதி என்று நான் கத்தினேன். ரீச்சர் சந்தோஷத்தில் கைதட்டினார். பாருங்கள், இதுவும் நடந்தது, அந்தப் பக்கத்து ஊர்க்காவல்காரர்கள் இந்தப் பக்கம் வந்ததும் வரலாறுதான் என்று மற்றப் பெற்றோருக்கு விளக்கினார். மாமா அப்பாவின் முன்னால் வந்து நின்றார். கட்டிப்பிடிக்கவில்லை, எங்கள் ஆட்கள் அதெல்லாம் செய்வதில்லை. அப்பாவின் கையிலிருந்த சப்பாத்தை வாங்கிக்கொண்டு, "காலைத் துடையும், மச்சான். குளிருது" என்றார்.

பிறகு இருவரும் போய் விழுந்துகிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்தார்கள். எனக்கு ஓர் ஆள் கூடியிருந்தது. படை என்னவோ தோற்றுப்போனது. செம்பட்டை முடி என்னையே பஞ்சால் அடித்து உட்காரவைத்தான். மேட்டின் அடியில் ஈரப் புல்லில் உட்கார்ந்து பார்த்தேன். கொடி அசையாமல் இருந்தது. மரத்தில் இருந்த இருவருக்கும் அந்த ஆன்ட்டி கறிபப் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார்.

முழுக் கதையையும் அப்பாவிடமிருந்து நான் வாங்கியது, எனக்கே பிள்ளை பிறந்த பிறகு. அவரும் மாமாவும் ஒரு கடல்நீரேரியின் இரு கரைகளில் இருந்த ஊர்க்காரர்கள். வற்றுக்காலத்தில் நடந்தே கடக்கலாம். பள்ளிக்கூடம் முடித்த வயதில் ஒருவர் ஓர் ஆயுத இயக்கத்துக்குப் போனார், மற்றவர் வேறோர் இயக்கத்துக்கு. யார் எதற்குப் போனார்கள் என்பதைப் பெரும்பாலும் எந்த நண்பனின் சைக்கிளில் ஏறினார்கள் என்பதுதான் தீர்மானித்தது என்றார் அப்பா. பிறகு ஓர் இயக்கம் மற்றதை அழிக்க வெளிக்கிட்ட காலம் வந்தது. ஒரு விடியற்காலையில் அப்பாவின் ஆட்களுக்கு அக்கரைக்குப் போகக் கட்டளை. போனவர்கள் போனார்கள். மாமாவின் கூட்டாளிகளில் சிலர் அன்று தப்பவில்லை. மாமா பனை வடலிகளுக்குள் கிடந்து, தண்ணீருக்கு அப்பால் ஓர் ஆள் கையில் துப்பாக்கிபோல எதையோ பிடித்தபடி நிற்பதைப் பார்த்தார். வருஷங்கள் கழித்துத் தங்கச்சிக்குக் கொழும்பில் கல்யாணம் பேசி, மாப்பிள்ளையின் படம் வெளிநாட்டிலிருந்த அவருக்கு வந்தபோது அந்த ஆளை அடையாளம் கண்டார். அதனால்தான் வரவில்லை. தங்கச்சிக்கு அவர் காரணம் சொல்லவில்லை. காரணத்தை ஊகித்திருந்த புருஷனும் சொல்லவில்லை. அண்ணனும் புருஷனும் ஏன் கதைப்பதில்லை என்று தெரியாமலே அம்மா இருவருக்கும் அத்தனை வருஷம் சமைத்துப் போட்டிருக்கிறாள்.

அதை முதலே மாமாவிடம் சொல்லியிருந்தால் என்ன என்று அப்பாவிடம் கேட்டேன். "கடக்கேல்ல எண்டது ஒரு பெருமையோ? கடந்தவங்களை நான் மறிக்கேல்லயே" என்றார். பிறகு பேரப்பிள்ளைக்கு மூக்குத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. தோற்ற தளபதியாக, ஈரக் காலுறையோடு, எங்கள் காரின் பின்னால் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு இருந்தேன். முன்னால் அப்பாவும் மாமாவும். ஹென்டர்சன் தாண்டிய பிறகுதான் மாமாவுக்குத் தான் சொந்தக் காரில் வந்திருந்தது நினைவு வந்தது. அப்பா, நாளைக்குப் போய் எடுப்பம் என்றார். காரைத் திருப்பவில்லை. மாமாவும் திருப்பச் சொல்லவில்லை. ஊரில் ஒரு கடைக்காரரைப் பற்றி இருவருக்கும் வாக்குவாதம் தொடங்கியிருந்தது. பல்லு முன்னுக்கு மிதந்தவர் அவரா, இல்லை அது அவர் தம்பியா என்பது பிரச்சினை. என் போரைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை.

அப்பாவின் போன் அடித்தது. அப்பா அதைப் பின்னால் நீட்டினார். அம்மா. கடையில் தேநீர் இடைவேளை. சண்டை முடிந்துவிட்டதா என்று கேட்டாள். நான் ஆங்கிலத்தில் என் தோல்வியை விவரிக்கத் தொடங்கினேன்: ஊர்க்காவல் படையின் துரோகம், கறிபப், செம்பட்டை முடி. அம்மா பாதியில் மறித்து, பின்னால் அது என்ன சத்தம் என்றாள்.

அப்பாவும் மாமாவும் கதைக்கிறார்கள் என்றேன்.

"ஆரோட?"

ஆரோடவா, அவர்கள் இரண்டு பேரும்தான் என்றேன். லைன் போய்விட்டதா என்று பார்த்தேன். போகவில்லை.

"போனை முன்னுக்குப் பிடி, பிள்ளை" என்றாள் அம்மா. "அவையளுக்குச் சொல்லாத. சும்மா பிடி."

இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே கையை நீட்டிப் பிடித்தேன். கடைக்காரரின் தம்பிக்குத்தான் பல்லு மிதப்பு என்று அப்பா அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். உமக்கு என்ன தெரியும், அந்தக் கடையில் கடன் சொல்லி வாங்கினவன் நான் என்றார் மாமா. அப்பா சிரித்தார். என் கை வலித்தது. போனைக் காதில் வைத்து ஹலோ என்றேன். மூக்கை உறிஞ்சுவதுபோல ஏதோ கேட்டது. அம்மாவுக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகுகிறது என்று நினைத்தேன். மறுபடி முன்னால் நீட்டினேன். மறுபடி காதில் வைத்தேன். அம்மா இன்னும் அங்கேதான் இருந்தாள், ஆனால் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

திரையைப் பார்த்தேன். மின்கலத்தில் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. யாரும் பேசாத அழைப்புக்கு வீணாகச் சார்ஜ் போகிறதே என்று, நானாகவே நிறுத்திவிட்டேன்.